புது வீட்டு நடைக்கு என்ன நிலம் போடலாம்?

கொழும்பில் வீடு கட்டுகிறவர்கள் ஹோல் நிலத்துக்காக மூன்று கிழமை கடை கடையாக ஏறி இறங்குவார்கள். குளியலறைக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போகும். வாசற்கதவில் இருந்து அறைகளுக்குப் போகிற அந்த நீட்டுத் துண்டுக்கு மட்டும், "ஹோலுக்கு எடுத்ததில மிச்சம் இருக்கும், அதையே போட்டுவிடுங்கோ பாஸ்" என்று மேசனிடம் சொல்லி முடித்துவிடுவார்கள். நடை என்றும் கொரிடோர் என்றும் நாம் சொல்கிற அந்த இடத்தில்தான் வீட்டில் எல்லோருடைய காலும் படுகிறது. மழைத்தண்ணீர் முதலில் வந்து சொட்டுவதும் அங்கேதான்.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டு நடைக்குக் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் டைல்ஸ் போட்டிருந்தது. ஒரு ஒக்டோபர் மாலை, இடியோடு மழை. அம்மா கோவிலுக்குப் போய் வந்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தார். இரண்டாவது அடியில் கால் வழுக்கிவிட்டது. கையை ஊன்றினதில் மணிக்கட்டு முறிந்து ஆறு கிழமை கட்டோடு இருந்தார். நிலத்தில் கிடந்த தண்ணீர் அரைக் குவளைகூட இராது. பிறகு தெகிவளையில் சொந்த வீடு கட்டத் தொடங்கியபோது நான் முதலில் முடிவெடுத்தது நடை நிலத்தைப் பற்றித்தான். நனைந்த வெறுங்கால் இதில் நிற்குமா? எந்தப் பொருளைப் பார்த்தாலும் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டேன். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். விலையும் நிறமும் அதற்குப் பிறகு வரட்டும்.

முதலில் அளவு

வரைபடத்தில் இருக்கிற அளவை நம்பி டைல்ஸ் எடுக்கவேண்டாம். சுவருக்குப் பூச்சு முடிந்த பிறகு, நடையின் இரண்டு முனையிலும் நடுவிலும் அகலத்தை அளவுங்கள். வரைபடத்தில் 4 அடி என்று இருக்கும். பூசி முடித்தால் 3 அடி 10 அங்குலம் நிற்கும். ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் அரை அங்குல வித்தியாசம் இருப்பதும் சாதாரணம். மூன்று அளவையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அளவு ஏன் முக்கியம் என்றால், நடை ஒடுங்கிய இடம். வெட்டுத் துண்டு எங்கே விழுகிறது என்பது உடனே கண்ணில் படும். கடையில் 'ரெண்டுக்கு ரெண்டு' என்று கேட்டால் தருவது 60 சென்ரிமீற்றர் டைல்ஸ். சரியாக 4 அடி, அதாவது கிட்டத்தட்ட 122 சென்ரிமீற்றர் அகலம் இருந்தால் இரண்டு முழு டைல்ஸ் அப்படியே உட்காரும்; ஓரத்தில் மிஞ்சுகிற சிறு இடைவெளியைச் சுவரடியில் ஓடவிடுகிற ஸ்கர்ட்டிங் பட்டி மூடிவிடும். அகலம் மூன்றரை அடி என்றால், அதாவது 107 சென்ரிமீற்றர் அளவில், ஒரு பக்கம் முழுசும் மறுபக்கம் 46 சென்ரிமீற்றர் துண்டும் வைத்தால் நடை கோணலாகத் தெரியும். முழு டைல்ஸை நடுவில் ஓடவிட்டு இரண்டு பக்கமும் 23 சென்ரிமீற்றர் துண்டு வைக்கச் சொல்லுங்கள். இதைச் சொல்லாவிட்டால் பெரும்பாலான பாஸ்மார் ஒரு சுவரில் இருந்து தொடங்கிவிடுவார்கள். அவர்களுக்கு அதுதான் சுலபம்.

எவ்வளவு தேவை என்பதற்கு என்னுடைய கணக்கையே சொல்கிறேன். நடை 4 அடி அகலம், 22 அடி நீளம்: 88 சதுர அடி. வெட்டு, உடைவுக்கு நூற்றுக்குப் பத்துச் சேர்த்தால் 97. நான் எடுத்த 60 சென்ரிமீற்றர் டைல்ஸ் பெட்டிக்கு நான்கு. பெட்டி ஒன்று சுமார் 15.5 சதுர அடிக்கு வரும். கணக்குப்படி ஆறேகால் பெட்டி, ஆகவே ஏழு வாங்கவேண்டும். நான் எட்டு எடுத்தேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். டைல்ஸைச் சாய்சதுரமாகப் பதிக்க ஆசை என்றால் நூற்றுக்குப் பதினைந்து சேர்க்கவேண்டும். ஒடுங்கிய நடைக்கு அந்த ஆசை வேண்டாம் என்பேன். இரண்டு பக்கமும் முக்கோணத் துண்டுகளாக வரும்.

அடியில் ஈரம் இருக்கிறதா?

கீழ்மாடி வீடு என்றால் பொருளைத் தெரிவுசெய்வதற்கு முன்பு இதைப் பார்த்துவிடவேண்டும். கொழும்பில் வருடத்துக்குச் சராசரியாக 2,400 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது. கால்வாய்களை அண்டிய பதிவான காணிகளில் மண் காய்வதே இல்லை. அந்த ஈரம் கொங்கிறீட் வழியாக மேலே ஏறும்.

சோதனை இலகுவானது. இரண்டு அடிச் சதுரத்துக்குத் தெளிந்த பொலித்தீனை வெட்டி, வெறும் சீமெந்து நிலத்தில் விரித்து, நான்கு பக்கமும் அகலமான டேப்பால் காற்றுப் போகாமல் ஒட்டிவிடுங்கள். ஒரு பகலும் ஒரு இரவும் போகட்டும். மறுநாள் உரித்துப் பார்க்கும்போது பொலித்தீனின் உட்புறம் வியர்த்திருந்தாலோ, அடியில் சீமெந்து கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். அப்படி இருந்தால் மரத்தையும் மரம்போலத் தெரிகிற லமினேற் பலகையையும் அந்த இடத்திலேயே மறந்துவிடலாம். கீழ்நிலத்துக்குக் கொங்கிறீட் இன்னும் போடவில்லை என்றால் உங்களுக்கு நல்ல காலம்: அதற்கு முன் 1000 கேஜ் தடிப்புள்ள பொலித்தீன் விரிக்கச் சொல்லி, விரிக்கிற நேரத்தில் நீங்களே போய் நின்று பாருங்கள். கொங்கிறீட் போட்டு 28 நாளாவது கழியாமல் மேலே எதையும் பதிக்கவேண்டாம்.

தொடர்மாடியில் மேல்தளத்தில் இந்தக் கவலை இல்லை. அங்கே வேறு கவலைகள். பழைய டைல்ஸை உடைக்க முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் அனுமதியும் வேலை நேரமும் முதலில் எழுத்தில் வேண்டும். உடைக்காமல் பழசின் மேலேயே புதுசைப் பதிக்கலாம். ஆனால் டைல்ஸும் பசையுமாகச் சேர்ந்து நிலம் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் உயரும். வாசற்கதவும் அறைக்கதவுகளும் அதற்குப் பிறகும் திறபடுமா என்று பார்க்கவேண்டும். மேலே வைக்கிற பழைய டைல்ஸில் ஒன்றுகூட ஆடக்கூடாது.

எந்தப் பொருள்?

என்னுடைய தெரிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கொழும்பு வீட்டு நடைக்கு, பளபளப்பில்லாத மட் போர்சலின் டைல்ஸ். போர்சலினும் சாதாரண செரமிக்கும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும்; வித்தியாசம் உடம்பில் இருக்கிறது. போர்சலின் தன் எடையில் நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் தண்ணீர் குடிக்காது. செரமிக் நிலடைல்ஸ் அதைவிடப் பல மடங்கு குடிக்கும். செரமிக்கில் மேலே இருப்பது ஒரு மெல்லிய பூச்சு, அடியில் சிவப்பு அல்லது வெளிர்மண். கனமான சாமான் விழுந்து பூச்சுப் பெயர்ந்தால் மண் நிறம் வெளியே தெரியும். காசு இறுக்கம் என்றால் செரமிக்கும் பிழையில்லை, ஆனால் நிலத்துக்கென்று செய்ததாக இருக்கவேண்டும். சுவர் டைல்ஸ் மலிவாகக் கிடைக்கிறது என்று நிலத்தில் போட்டால் ஒரு வருடத்தில் வெடிக்கும்.

பொலிஷ் போர்சலின்தான் கடையில் முதலில் இழுக்கும். விளக்கு வெளிச்சத்தில் மிக வடிவு. மழை வராத உள்ளறைக்கு எடுங்கள். வாசலோடு ஒட்டிய நடைக்கு எடுக்காதீர்கள். வீட்டில் எழுபது வயதில் ஒருவரும் இரண்டு வயதில் ஒருவரும் இருந்தால் இதில் இரண்டாவது யோசனையே வேண்டாம்.

சிவப்புச் சீமெந்து நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல ஆசை. பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பழைய வீடுகளில் இன்னும் இருக்கிறது. சீமெந்தில் சிவப்பு ஒக்சைட் தூளைக் கலந்து, இரும்புக் கரண்டியால் இழைத்து இழைத்து மினுக்கிய நிலம். சனிக்கிழமைகளில் சிவப்புப் பொலிஷ் பூசி, தேங்காய்ப் பொச்சுப் பாதியைக் காலடியில் வைத்து அம்மம்மா முன்னும் பின்னும் தேய்க்கிற சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. மத்தியானம் அதில் வெறும் மேலோடு படுத்தால் முதுகு குளிரும். இப்போது அதே முறையில் சாம்பல், வெள்ளை, மண்நிறம் எல்லாம் செய்கிறார்கள். டைட்டேனியம் நிலம் என்று கேட்டால் பாஸ்மாருக்கு விளங்கும். மூட்டு இல்லை, அழுக்குத் தங்க இடமில்லை. ஆனால் முழுக்க முழுக்கக் கைத்திறமையில் நிற்கிற வேலை இது. செய்கிறவர் முன்பு செய்து மூன்று நான்கு வருடமான நிலம் ஒன்றை நேரில் பார்க்காமல் வேலையைக் கொடுக்கவேண்டாம். சீமெந்து காயும்போது சுருங்கும். 22 அடி நீளத்தை ஒரே துண்டாக ஓடவிட்டால் எங்காவது குறுக்கே மயிரிழை போல வெடிக்கும். நான்கு அடிக்கு ஒரு கோடு வெட்டினால் வெடிப்பு அந்தக் கோட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். மெழுகுப் பொலிஷை அளவாகப் பூசுங்கள். தடிப்பாகப் பூசினால் அதுவும் வழுக்கும்.

சிறு சலவைக்கல் துண்டுகளைச் சீமெந்தில் பதித்து மெசினால் தேய்க்கிற டெரசோவும் பழைய கொழும்பு வீடுகளின் சொத்துத்தான். பழைய வீட்டை வாங்கித் திருத்துகிறீர்கள், நடையில் டெரசோ இருக்கிறது என்றால் தயவுசெய்து அதன்மேல் டைல்ஸ் பதிக்காதீர்கள். திரும்பத் தேய்த்தால் புதிது போல வரும்.

சலவைக்கல் வேண்டாம் என்பதற்கு ஒரே காரணம்: அது சுண்ணாம்புக் கல்லில் இருந்து உருவான கல். தேசிக்காய்ச் சாறு, புளித்தண்ணீர், குளியலறை கழுவும் அமிலம் எது சிந்தினாலும் அந்த இடம் மங்கிப்போகும், துடைத்துப் போக்க ஏலாது. கிறனைட் அப்படி அரிபடாது, நூறு வருடம் கிடக்கும். ஆனால் பொலிஷ் கிறனைட் நனைந்தால் பொலிஷ் டைல்ஸின் கதைதான். வாசற்படிக்கு எடுத்தால் நெருப்பில் சுட்டுச் சொரசொரப்பாக்கிய கல்லைக் கேளுங்கள்.

மரம் மேல்மாடி நடைக்கு அழகு. காய்ந்த தேக்கு அரச மரக்கூட்டுத்தாபனத்திலோ நம்பிக்கையான மரக்காலையிலோ எடுக்கலாம், வேலைக்கு மொறட்டுவைத் தச்சர்களை மிஞ்ச ஆளில்லை. கீழ்மாடியில், வாசலுக்கு நேரே, கறையானுக்கும் ஈரத்துக்கும் நடுவில் அதை வைப்பது மரத்துக்குச் செய்கிற அநியாயம். லமினேற் என்பது மரத்தூளை அழுத்திய பலகை. மூட்டுக்குள் தண்ணீர் போனால் ஊதி விளிம்பு எழும்பும், பிறகு அமராது. அதே தோற்றம் வேண்டும் என்றால் எஸ்.பி.சி. என்று விற்கிற பலகையைக் கேளுங்கள். சுண்ணாம்புக் கல் தூளும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த உடம்பு, தண்ணீருக்கு ஊதாது, பசையில்லாமல் ஒன்றோடொன்று கொளுவிப் போடலாம். உடைத்தல் கொத்தல் இல்லாததால் தொடர்மாடிக்கு நல்ல தெரிவு. அடிநிலம் மட்டமாக இருக்கவேண்டும். மேடுபள்ளத்தில் போட்டால் கொளுக்கி முறியும்.

கடைக்குப் போகும்போது

ஆமர் வீதியில் வரிசையாகக் கடைகள் இருக்கின்றன. லங்கா டைல்ஸ், ரொசெல் போன்ற உள்ளூர்த் தயாரிப்பாளர்களின் காட்சியறைகளும் நகரில் பல இடங்களில் உண்டு. எங்கே போனாலும் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். வழுக்காத் தன்மை எந்த வகுப்பு? ஆர் 9 முதல் ஆர் 13 வரை இருக்கும். நடைக்கு ஆர் 10 போதும், அதற்கு மேல் போனால் சொரசொரப்பில் அழுக்குப் பிடித்துத் துடைக்கக் கஷ்டம். மேற்பூச்சு உள்ள டைல்ஸ் என்றால் தேய்மானத்துக்குப் பி.ஈ.ஐ. எண் என்ன? 3க்குக் குறைந்தால் நடைக்கு வேண்டாம், 4 கிடைத்தால் நல்லது. மூன்றாவது, பெட்டிகள் எல்லாவற்றிலும் நிற இலக்கமும் அளவு இலக்கமும் ஒன்றா? ஒரே பெயரில் வந்தாலும் வேறு வேறு தடவை சுட்ட டைல்ஸ் நிறத்தில் நூலிழை மாறும். பெட்டிக்குள் இருக்கும்போது தெரியாது. பதித்து யன்னல் வெளிச்சம் சாய்ந்து விழும்போது தெரியும்.

நிறத்துக்கு ஒரு வார்த்தை. ஆறு பேர்ச், எட்டுப் பேர்ச் காணியில் இரண்டு பக்கமும் மதிலோடு கட்டுகிற வீடுகளில் நடைக்கு யன்னலே இராது. இருண்ட டைல்ஸ் போட்டால் பகலிலும் விளக்குப் போடவேண்டி வரும். கொள்ளுப்பிட்டி 33ஆம் ஒழுங்கையில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் 11ஆம் இலக்க வீட்டைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் அதன் நீண்ட நடையைக் கவனியுங்கள். வெளிர் நிலமும், இடையிடையே மேலே இருந்து வெளிச்சம் இறங்குகிற சிறு முற்றங்களும் ஒடுங்கிய இடத்தை எப்படித் திறந்துவிடுகின்றன என்று புரியும். அதற்காகத் தூய வெள்ளைக்குப் போகவேண்டாம். நம் புறநகர்ச் செம்மண் ஒரே மழையில் அதில் வரைபடம் கீறிவிடும். வெளிர்ச்சாம்பல் அல்லது மணல் நிறம், அதில் இலேசான புள்ளியோ மேகமோ இருந்தால் தூசியும் முடியும் உடனே தெரியாது.

மாதிரியை வீட்டுக்குக் கொண்டுவந்து

தீர்மானத்தைக் கடையில் எடுக்காதீர்கள். இரண்டு மூன்று மாதிரி டைல்ஸை இரவலாகவோ காசு கொடுத்தோ கொண்டுவாருங்கள். நான் மூன்றைக் கொண்டுவந்து கட்டி முடியாத நடையில் வரிசையாக வைத்தேன். அம்மாவைக் கூட்டிப்போய்க் கதிரை ஒன்றில் இருத்தி, ஒவ்வொன்றிலும் ஒரு கை தண்ணீர் தெளித்து, இருந்தபடியே காலை வைத்து முன்னே தள்ளிப் பார்க்கச் சொன்னேன். முதலாவதில் குதிக்கால் சறுக்கிக்கொண்டே போனது. இரண்டாவது பிடித்தது, ஆனால் "சொரசொரக்குது தம்பி, காலுக்கு நோகும்" என்றார். மூன்றாவதில் காலை வைத்தவர் எடுக்கவே இல்லை. பெருவிரலை மட்டும் ஊன்றி ஊன்றிப் பார்த்துவிட்டு, "இதில நிக்கலாம்" என்றார். அதைத்தான் எடுத்தோம்.

பிறகு அதே மாதிரியில் குத்துவிளக்கு எண்ணெய் ஒரு துளி, குழைத்த மஞ்சள் கொஞ்சம் விட்டு ஒரு இரவு வையுங்கள். பொங்கலுக்கும் கலியாண வீட்டுக்கும் வாசலில் சிந்தப்போவது இவைதான். காலையில் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்தால் போகிறதா என்று பாருங்கள்.

பதிக்கிற நாள்

நல்ல டைல்ஸும் கெட்டுப்போவது இங்கேதான். போர்சலின் தண்ணீர் குடிக்காது என்று சொன்னேன் அல்லவா, அதே காரணத்தால் வெறும் சீமெந்துப் பாலில் அது ஒட்டாது. போர்சலினுக்கென்று சொல்லி விற்கிற டைல் பசை வாங்குங்கள். "சீமெந்தே போதும், நாங்கள் இவ்வளவு காலமும் அப்படித்தான்" என்று பாஸ் சொன்னால் மரியாதையாக, ஆனால் விடாமல் மறுத்துவிடுங்கள். பசையை நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை உருண்டையாக வைத்து அமுக்கக்கூடாது. உருண்டைகளுக்கு இடையில் வெற்றிடம் நிற்கும். பல்லுக் கரண்டியால் நிலம் முழுக்கக் கோடு இழுத்து, டைல்ஸின் முதுகிலும் மெல்லப் பூசி வைக்கவேண்டும். இரண்டு மூன்று வைத்தபின் ஒன்றைத் திரும்ப எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். முதுகு முழுக்கப் பசை பிடித்திருந்தால் வேலை சரி.

டைல்ஸை ஒன்றோடொன்று முட்டவைக்க வேண்டாம். விளிம்பை மெசினால் வெட்டிச் சீராக்கிய டைல்ஸுக்கு 2 மில்லிமீற்றர், மற்றதற்கு 3 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு, சுவரோரம் 5, 6 மில்லிமீற்றர் விடுங்கள். ஸ்கர்ட்டிங் அதை மறைத்துவிடும். பலகை போன்ற நீள டைல்ஸ் என்றால் மூட்டைப் பாதிக்குப் பாதி தள்ளாமல் மூன்றில் ஒரு பங்கு தள்ளுங்கள். நீள டைல்ஸ் நடுவில் இலேசாக வளைந்திருக்கும். பாதியில் மூட்டு வந்தால் விளிம்பு காலில் தட்டும். மூட்டுக்குள் நிரப்புகிற கிரவுட்டை டைல்ஸைவிட ஒரு படி இருண்ட நிறமாக எடுங்கள். வெள்ளைக் கிரவுட் ஒரு மாரிகாலம் தாங்காது. வாசலுக்கு வெளியே படியின் நிலம் உள்நிலத்தைவிட ஒரு அங்குலமாவது பதிவாக இருக்கிறதா என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் சாரல் தண்ணீர் உள்ளே ஓடும்.

ஒரு நாள் முழுக்க ஒருவரும் மிதிக்கக்கூடாது. பிறகு, கடைசிக் காசைக் கொடுப்பதற்கு முன்பு, ஒரு ஸ்குரூ டிரைவரின் பிடியால் ஒவ்வொரு டைல்ஸையும் நான்கு மூலையிலும் நடுவிலும் தட்டுங்கள். நிறைந்த இடம் 'டக்' என்று கட்டையாகச் சொல்லும். வெற்றிடம் இருந்தால் வெறும் தகரத்தில் தட்டியது போல 'டொங்' என்று வரும். எங்கள் நடையில் இருபத்துச் சொச்சத்தில் மூன்று அப்படி வந்தன. சோக்கட்டியால் குறுக்குக் கோடு போட்டுக் காட்டினேன். பாஸ் ஒன்றும் பேசாமல் அன்றே எடுத்துத் திரும்பப் பதித்தார். அலுமாரியை இழுக்கும்போதோ ஏணியை ஊன்றும்போதோ வெடிப்பது இந்த டைல்ஸ்தான்.

எட்டாவது பெட்டியின் கதை இது. 2020இல் டைல்ஸ் இறக்குமதிக்குத் தடை வந்தபோது, வெடித்த ஒன்றே ஒன்றை மாற்ற அதே டைல்ஸ் கிடைக்காமல் முழு நிலத்தையும் பெயர்த்தவர்கள் எனக்குத் தெரிந்தவர்களிலேயே இருக்கிறார்கள். ஒரு பெட்டியைப் பிரிக்காமல் படிக்கட்டுக்குக் கீழே நிமிர்த்தி வையுங்கள். டைல்ஸின் பெயர், நிற இலக்கம், வாங்கிய திகதி, கிரவுட்டின் நிறம் நான்கையும் தடித்த பேனையால் பெட்டியின் மேலேயே எழுதி, பற்றுச்சீட்டையும் அதில் ஒட்டிவிடுங்கள்.